தேவநாதன் படித்த சோதனை

விழுப்புரம் ஜங்ஷனில் முப்பத்தொரு வருஷம் ரயில் வரவை மைக்கில் அறிவித்து ஓய்வு பெற்றவன் நான். என் குரலைக் கேட்டு, நிற்காத எக்ஸ்பிரஸ்கூட இரண்டு தடவை தயங்கி நின்றிருக்கிறது. என் மகள் சங்கவி அதைவிடப் பெரிய ஆள். 2014-ல் சென்னைக் கம்பெனியை விட்டு வந்து, திண்டிவனத்து மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி ஒன்றுக்கு மூட்டைகளைத் தரம் பிரிக்கும் மென்பொருள் எழுதினாள். சொந்தமாக எடுத்த முதல் வேலை.

மண்டிக்காரர் தேவநாதன் ஒரே நிபந்தனை போட்டார். மென்பொருள் சரிதானா என்று பார்க்க அவள் எழுதிய சோதனைகளை அவரே படிப்பாராம். புரிந்தால்தான் கையெழுத்து, இல்லையென்றால் வேலை போச்சு.

முதலில் அவள் நீட்டிய தாளில் வெறும் குறிகளும் எண்களும்தான். தேவநாதன் அதைத் தலைகீழாகத் திருப்பினார். அப்போதும் அதே அளவுதான் புரிந்தது.

"ஏம்மா, நானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?"

மேட்சர் என்று ஒன்று உண்டாம். எதை எதிர்பார்க்கிறோமோ அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், சோதனை வாக்கியம்போலவே நிற்கும். சங்கவி பெயர்களைத் தமிழிலேயே வைத்து, இரண்டே நாளில் ஆயிரம் சோதனைகளை மாற்றினாள். சரி, அறுபது.

மறுவாரம் மண்டியில் முதலில் நானே அவற்றை அவருக்கு மைக் குரலில் வாசித்துக் காட்டினேன். ரயில் வருகிறதென்று நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டார்கள். "ஈர மூட்டை, திருப்பி அனுப்பவேண்டியது" என்ற வரியில் தேவநாதன் கையைக் காட்டினார்.

"நிறுத்துங்க. ஒலக்கூர்லேர்ந்து டெம்போ வெச்சி கொண்ணாந்தத எவன் திருப்பி அனுப்புவான்? களத்துல கொட்டிக் காயவெச்சி, சாயங்காலம் ஏலத்துல விடுவோம். தப்பா இருக்குதும்மா."

வேலை போச்சு என்று நான் தாளை மடித்தேன். சங்கவி சிரித்தாள்.

"கேட்ட ஒடனே புடிச்சிட்டீங்க இல்ல? அதுக்குத்தாங்க இப்டி எழுதனேன்."

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, 'களத்தில் காயவேண்டியது' என்று புது மேட்சர் எழுதி, சோதனையை ஓட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. தேவநாதன் குனிந்து, யார் உதவியும் இல்லாமல், தானே எழுத்துக் கூட்டினார்: எதிர்பார்த்தது, களத்தில் காயவேண்டியது, கிடைத்தது, திருப்பி அனுப்பவேண்டியது. அவள் நிரலைத் திருத்தினாள். சிவப்பு பச்சையானது. அவர் பேனாவை எடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் இதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். மற்ற அறுபது பேருக்கும் தானாகவே கேட்டுவிட்டது.