டொராண்டோ வாசகி

இணையப் பக்கங்களின் அடியில் ஓடும் அந்த வருகை எண்ணி இருக்கிறதே, அதைப் போலப் பொய் சொல்லும் கருவி வேறு கிடையாது. பூஜ்யத்தில் வைத்தால் பூஜ்யத்திலிருந்து ஓடும். பத்தாயிரத்தில் வைத்தால் பத்தாயிரத்திலிருந்து ஓடும். எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் பத்தாயிரத்தில்தான் தொடங்க வேண்டும். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் தம்புசாமி அங்கிள் அதற்கும் ஒருபடி மேலே போய், முதல் பக்கத்தில் தன் படம் சுழல வேண்டும் என்றார்.

"சுத்தினா தல கீழ வந்துரும் அங்கிள்" என்றேன்.

"மறுபடி மேல வருந்தானே, அப்ப பாப்பாங்க லா" என்றார்.

சுழல வைத்தேன். இதுதான் தொண்ணூற்றெட்டில் என் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறை, பேச்சுக்கும் இணையத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு, நானும் ரமணியும். ரமணி என்னோடு பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவள். ஆள் பிடித்து வருவது அவள் வேலை, பக்கங்களைக் கட்டுவது என் வேலை. அவள் பேசினால் இணையம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கூட இரண்டு பக்கம் கேட்பார். நான் பேசினால் கேட்க வந்தவரும் எழுந்து போய்விடுவார். ஆகவே அவள் பேசினாள், நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூடிய வாய் எங்கேயாவது திறக்க வேண்டுமல்லவா? எங்கள் நிறுவனத் தளத்தில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, ‘கலாவின் கடுப்பு’ என்று தலைப்புப் போட்டு வாரம் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். சந்திரகலா என்பது நீளம், கடுப்புக்குக் கலா போதும். பேஜரைப் பற்றி எழுதினேன்: ஒருவன் உன்னைக் கூப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டு, காசு தேடி, பொது தொலைபேசி தேடி வெயிலில் அலைய விடும் கருவியைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்திருப்பான் என்று. பதிவுக்கருவி வைத்த தொலைபேசியிடம் நம் ஆன்டிமார்கள் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதை எழுதினேன். பக்கத்தில் எழுத்துகளைச் சிமிட்ட வைக்கச் சொல்கிறவர்களைக் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் கூலிக்கு வைத்திருக்கிறார்களோ என்று எழுதினேன்.

யார் படித்தார்கள்? தமிழில் படிக்க வேண்டுமானால் முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். அது இறங்குவதற்குள் சோறு வடித்துவிடலாம். படித்தவர்கள் கருத்து எழுதுவதற்காகத் தளத்தில் வைத்திருந்த விருந்தினர் ஏட்டில் இரண்டு மாதம் ஒரு வரிகூட விழவில்லை. நிறுத்திவிடலாம் என்று ரமணியிடம் சொன்ன வாரம், முதல் கடிதம் விழுந்தது.

‘நேசம்மா, டொராண்டோ’ என்று பெயர். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். கிள்ளானில் பிறந்து, கல்யாணமாகிக் கனடா போய், அங்கே ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் தாதியாம். பேஜர் கட்டுரையைப் படித்து நோயாளிகள் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாராம். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் எழுதினார். நம் மதியம் அங்கே நள்ளிரவு. இரவு வேலைக்கு நடுவிலும் எழுதுகிறாரே என்று எனக்கு மனது உருகும். பிறகு மின்னஞ்சலிலும் பேசிக்கொண்டோம். அம்மா போன பிறகு நான் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். இந்தக் கட்டுரை போன வாரத்தது போல இல்லை என்றால் அதையும் சொல்வார், அதனால்தான் அவர் மெச்சியபோது நம்பினேன். ஏட்டில் வேறு யாரும் எழுதவில்லை. எனக்கு வேறு யாரும் தேவைப்படவும் இல்லை.

ஒருமுறை தொலைபேசி எண் கேட்டேன். கணவர் சிவசம்புவுக்கு இதய அறுவை சிகிச்சை, கொஞ்ச நாள் பேச முடியாது என்று பதில் வந்தது. நான் பதறிப்போய் நட்சத்திரம் கேட்டு எழுதி, தெருக்கோடி கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ரமணியும் கூட வந்தாள். என் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அதன் பிறகுதான் சிங்கப்பூர் வேலை வந்தது. பெரிய நிறுவனம், சுழலும் படம் கேட்காத நிறுவனம். பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுகிறவர்களையே கேட்கும் இடம். நான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததெல்லாம் இப்படி ஓர் இடத்துக்காகத்தான். ரமணியிடம் சொன்னேன். "உன் இஷ்டம் கலா, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவு பெருந்தன்மை. நேசம்மாவுக்கும் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. ‘இங்கே பிறந்த என் மகள் உன் பக்கத்தைப் பார்த்துத்தான் தமிழ் படிக்கிறாள், நீ போய்விட்டால் அங்கே உன்னை இப்படி எழுத விடுவார்களா, யோசித்துச் செய் அம்மா’ என்று எழுதியிருந்தார். யோசித்தேன். அந்தக் குழந்தைக்காக வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்துக்கு உடனே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை, அலுவலகம் விடுமுறை. ரமணி காஜாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். நான் பங்சாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது தம்புசாமி அங்கிள் பேஜரில் கூப்பிட்டார். காசு தேடி, தொலைபேசி தேடிப் பேசினேன்.

"என்னம்மா, ஒங்க ஆபீஸுக்கு எத்தன தடவ அடிக்கிறது, என்கேஜாவே இருக்கு" என்றார்.

யாரும் இல்லாத அலுவலகத்தில் தொலைபேசி எப்படி ஓயாமல் இருக்கும்? நேற்று மோடத்தை நிறுத்தாமல் வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். என்னையே திட்டிக்கொண்டு, கீரைக்கட்டோடு மாடி ஏறினேன்.

ரமணி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை, தலையில் பூ. போகிற வழியில் ஏறியிருக்கிறாள். திரையில் எங்கள் விருந்தினர் ஏடு திறந்திருந்தது. பெயர்க் கட்டத்தில் நேசம்மா என்று இருந்தது. ஊர்க் கட்டத்தில் டொராண்டோவில் பாதி இருந்தது.

நான் அங்கேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். திரையை மறைக்கக்கூட முயலவில்லை.

"கலா, உக்காரு. சொல்றேன்."

"எத்தன நாளா?"

"மொதல்லேருந்து" என்றாள். "நீ நிறுத்தப் போறேன்னு சொன்ன. மூஞ்சியே வாடிப் போயிருந்துச்சு. ஒண்ணு எழுதிப் போட்டா சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன், அவ்ளோதான். நீ பதில் எழுத ஆரம்பிச்சிட்ட."

"சிவசம்பு?"

"நீ போன் நம்பர் கேட்ட. நான் என்ன பண்றது? ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டேன்."

அன்று சந்நிதியில் குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது நான் தடுமாறினேன். பூரட்டாதி என்று எடுத்துக் கொடுத்தது இவள்தான். இல்லாத மனுஷனுக்கு, இல்லாத நெஞ்சுக்கு நான் விழுந்து கும்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். திருநீற்றையும் வாங்கிப் பூசிக்கொண்டாள்.

"அது விளையாட்டுன்னே வெச்சுக்குவோம்" என்றேன். "சிங்கப்பூர் வேலைய எதுக்குடி கெடுத்த?"

"நான் போகாதன்னு சொல்லவே இல்ல. யோசின்னுதான் எழுதினேன்."

"புள்ள தமிழ் படிக்குதுன்னு எழுதின."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நீ போயிட்டா நான் யார வெச்சு இதெல்லாம் நடத்துவேன்? நாம குடுக்குற சம்பளத்துக்கு எவன் வருவான்? நேரா கேட்டா நீ இருந்திருப்பியா, சொல்லு. நான் கேட்டா போயிருப்ப. அந்தம்மா சொன்னா இருப்ப. எனக்குத் தெரியும் லா."

"நான் ஒனக்குக் குறுக்க நிக்க மாட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன்" என்றாள். பிறகு மெல்ல, "ஆனா நீ எழுதினது நல்லா இருந்துச்சு கலா. அதுல பொய் இல்ல. எல்லாத்தயும் நான் படிச்சேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இத்தனை நாள் உலகத்தில் என்னைப் படித்தது ஒரே ஒருத்தி, அவளும் என்னைக் கட்டிப்போடுவதற்காகப் படித்தவள். அப்படி இல்லை, உண்மையாகவே பிடித்துத்தான் படித்தாள் என்றாலும் அதை இனி எப்படி நம்புவேன்? சாவியை மேசைமேல் வைத்தேன். அவள் அழுதாள். பாவமாக இருந்தது, அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

"கல்யாணத்துக்கு நேரமாச்சு, போ" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

எங்கே போவது என்று தெரியவில்லை. கால்கள் பங்சார் பக்கமே திரும்பின. அங்கே புதிதாகத் திறந்த இணையக் கடை ஒன்றில், சத்தமாகச் சுட்டு விளையாடும் பையன்களுக்கு நடுவில் ஓர் இடம் பிடித்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே அந்த வேலைக்குப் போயிருக்கலாமே என்பார். அண்ணன் சிரிப்பான். வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பள்ளிக் காலத்திலிருந்து எது நடந்தாலும் முதலில் ரமணியிடம் ஓடுவேன். ரமணியைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் நேசம்மாவிடம் ஓடுவேன்.

மின்னஞ்சலைத் திறந்தேன். ‘அக்கா, கூட இருந்தே ரமணி என் கழுத்தை அறுத்துவிட்டாள்’ என்று தொடங்கினேன். கோயிலை எழுதினேன், சிங்கப்பூரை எழுதினேன், அவள் அழுததை எழுதினேன். அழுதபோது எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்ததையும் மறைக்காமல் எழுதினேன். இனி நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள் அக்கா என்று முடித்தேன்.

யார் படிக்கப் போகிறாள் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.