மறுக்கத் தெரியாத தூதர்

வெஸ்ட்கேட்டில் ஒரு கடையில் மகளுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டிருந்தபோது கம்சாயினியின் போனுக்கு ஜகார்த்தாவிலிருந்து மச்சாளின் வாழ்த்து வந்தது. கூடவே ஒரு பத்திரிகைச் செய்தி. புதிய துணை அமைச்சர் என்று கணவர் விர்யவானின் படம்.

"டாட் அகெய்ன்?" என்றாள் மகள் லெஸ்தாரி.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த விர்யவான், இரண்டே வருடம் என்று சொல்லி அரசின் ஆலோசகராக ஜகார்த்தாவுக்குப் போனார். ஐந்து வருடம் ஆனது. பிறகு ஜெனீவாவில் வர்த்தகத் தூதர், இன்னும் நான்கு வருடம். போன பெப்ரவரியில்தான் திரும்பி வந்து பழைய வகுப்பறையில் நின்றார். இனி வீட்டோடு இருப்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

எப்சத்தில் உள்ள வீட்டுக்குத் திரும்பியபோது அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் நீட்டிய போனில் செய்தியைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அமைச்சர் கேக்க, நான் ஏலாது எண்டுதான் சொன்னன், கம்சா." ஜாவாக்காரரான அவர் பேசுவது அவளிடம் கற்ற தமிழ்தான்.

"என்ன சொன்னீங்கள்? அப்பிடியே சொல்லுங்கோ."

"பெரிய மரியாதை, வீட்டில கேட்டுச் சொல்லுறன் எண்டு."

"அதுவோ மறுப்பு?"

"ஜாவாவில அதுதான் மறுப்பு. பெரியவைக்கு நேரா மாட்டன் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

"அமைச்சரும் ஜாவாவோ?"

அவர் தலையைச் சொறிந்தார். "இல்லை, சுமாத்திராவில மேடான். பட்டாக் ஆள்."

பட்டாக் மக்களிடம் சுற்றி வளைத்துப் பேசினால் எடுபடாது என்று அவளுக்குச் சொல்லிச் சிரித்தவரே அவர்தான்.

"உலகத்தோட பேரம் பேசின தூதருக்கு இது தெரியேல்லையாக்கும்! போனை எடுங்கோ. வரமாட்டன் எண்டு இப்பவே சொல்லுங்கோ."

போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். திரை அணைந்தது. மறுபடி தட்டினார், மறுபடி அணைந்தது. அவள் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ. அமைச்சரை விடுங்கோ. எனக்குச் சொல்லுங்கோ. போக விருப்பமோ?"

"நீர் என்ன சொல்லுறீரோ..."

"என்ர விருப்பத்தை நான் கேக்கேல்ல, உங்கட விருப்பத்தைக் கேக்கிறன்!"

விர்யவான் வெட்டிய வெங்காயத்தை ஒரு தட்டில் ஒதுக்கினார்.

"விருப்பம்" என்றார் கடைசியில். "இவ்வளவு காலமும் படிப்பிச்சதை, ஆலோசனை சொன்னதை ஒருக்கா நானே செய்து பாக்கவேணும். இஞ்ச இருக்க எனக்கு விருப்பமில்லை."

பதினெட்டு வருடத் திருமணத்தில் அவர் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான் என்று அவளுக்குப் பட்டது. அழுகையைவிடக் கோபம்தான் முந்தி வந்தது.

"இதைப் பெப்ரவரியில சொல்லியிருந்தா வெலிங்டனில கிடைச்ச வேலையை நான் வேண்டாமெண்டு விட்டிருக்கமாட்டன்."

"எந்த வேலை?"

அப்போதுதான் கம்சாயினிக்கு உறைத்தது. அவர் இப்போதுதான் வந்திருக்கிறார், எதற்கு மனதைக் குழப்புவது என்று அதை அவரிடம் சொல்லாமலே விட்டிருந்தாள்.

அவர் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "சொல்லும்" என்றார்.

அவர்மேல் கோபமாக இருந்தது. தன்மேல் அதைவிடக் கோபமாக இருந்தது. அவள் சொல்லத் தொடங்கினாள்.