முக்கால் அங்குலம்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் குழாயடியில் நின்றபோதுதான் தவறு எனக்கு உறைத்தது. ஈரத்துண்டோடு உள்ளே ஓடினேன்.

"ஏன்னா, சோப்பு முதுகெல்லாம் அப்படியே இருக்கே!" என்றாள் என் மனைவி ராஜலக்ஷ்மி.

"இருக்கட்டும். சிவ்ரிக்குப் போகணும்."

விஷயம் இதுதான். சிவ்ரியில் உள்ள எங்கள் பட்டறையில் துறைமுகத்துக்கு லாஞ்ச் என்னும் மர இயந்திரப் படகு கட்டுகிறார்கள். அதன் வரைபடத்தை நகலெடுப்பது என் வேலை. இந்த லாஞ்சுக்கு இது மூன்றாவது படம். முதல் படம் நீராவிக் காலத்தது, பின்பக்கம் ஒடுங்கியிருக்கும். பெட்ரோல் இஞ்சின் வந்து வேகம் கூடியதும் பின்பக்கம் தண்ணீரில் அமுங்கியது. அதனால் இரண்டாவது படத்தில் அதை அகட்டினார்கள். இப்போது கனமான டீசல் இஞ்சின், பலகையோடு மொத்த அகலம் பத்தடி.

பழைய இரண்டிலும் அளவுகள் பக்கப் பலகையின் வெளிமுகம் வரை. அந்தப் பலகையை உள்ளிருந்து தாங்கும் விலாக் கட்டையை அறுக்கும்போது பலகைக் கனம் முக்கால் அங்குலத்தைத் தச்சர் கழித்துக்கொள்வார். புதுப் படத்தில் அதை முன்பே கழித்துவிட்டார்கள். நானோ கைப்பழக்கத்தில், 'வெளிமுகம் வரை' என்று நகலின் ஓரத்தில் எழுதிவிட்டேன். மறுபடியும் கழித்து அறுத்தால் அத்தனை தேக்கும் வீண். யுத்தகாலத்தில் வேறு தேக்கு கிடைக்காது. என் வேலையும் போகும்.

பட்டறை வாசலிலேயே ரம்பச் சத்தம் கேட்டது. உள்ளே பதினோரு விலாக் கட்டைகளை அறுத்துச் சாத்தியிருந்தார்கள்.

"என்னவே ஐயரே, லீவு நாளில? வீட்டுல வெரட்டிட்டாவளா?" என்றார் தலைமைத் தச்சர் நெல்லையப்பன். தாராவியிலிருந்து வருபவர்.

"முக்கால் இஞ்சு கழிச்சேளா?"

"கழிச்சுத்தான் தரையில முழு அளவுல கோடு போட்டேன்."

நான் மரக்குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

"முழுசாக் கேளும்வே. தனிப் படத்தப் பாத்து வெள்ளிக்கிழமை செஞ்ச பின்பலகையக் கொண்டாந்து அந்தக் கோட்டுல வச்சுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் முக்கால் இஞ்சு துருத்திக்கிட்டு நிக்கி. சரி, பலகைக் கனத்தையும் சேத்து மொத்த அகலத்தக் கூட்டிப் பாத்தா பத்தடிக்கு ஒண்ணரை இஞ்சு கொறையுது. ரெண்டு சாட்சி ஒரு பக்கம், உம்ம குறிப்பு ஒரு பக்கம். கோட்ட அழிச்சிட்டுக் கழிக்காம போட்டேன். அதுக்கப்புறந்தான் மரத்துல ரம்பம் வச்சது."

"நெஜமாவா?"

"நம்பிக்கை இல்லைன்னா அளந்து பாருமே."

அளந்தேன். முதல் கட்டை சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. முதுகில் சோப்பு காய்ந்து அரித்தது அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது.

"குறிப்பை இப்பவே அடிச்சுத் திருத்தும். கையெழுத்தும் போடும். நாளைக்குத் தொரை கேட்டா நான் கிறுக்குனதுன்னு ஆயிரப்படாது."

அடித்து, திருத்தி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு நாலாவது கட்டையிடம் போனேன்.

"போதும்வே, எல்லாம் ஒரே கோட்டுல அறுத்ததுதான்!"

"இருக்கட்டும் ஓய்," என்று சொல்லி, பதினொன்றையும் அளந்து முடித்தேன்.