ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற குழாய்

சாணைக்கல் செய்யும் பொடிக்கு ஈவு இரக்கம் கிடையாது. இரும்பைத் தேய்ப்பதற்கென்றே பிறந்தது, இரும்புக் குழாயை மட்டும் சும்மா விடுமா? கிடங்கிலிருந்து, கல்லை அச்சில் அழுத்தும் அச்சுக்கூடத்துக்குப் போகும் குழாயில், பெரிய விசிறி ஒன்று அதை ஓவென்று பறக்க விடும். குழாய் திரும்பும் இடத்தில், பெண்டில், பொடி மடாரென்று மோதும். வாரம் முடிவதற்குள் பெண்ட் பொத்துக்கொள்ளும். உடனே வெல்டருக்குப் போன் வரும். ஆலை ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஒட்டுப் போட முடியும் என்பது அவர் தலையெழுத்து.

அந்த வெல்டர் நம் குழாயம்மாவின் புருஷன். குழாயம்மா என்பது ஆலைக்காரர்கள் வைத்த பெயர். அங்கே ஓடும் குழாய்க்கெல்லாம் கணக்குப் போட்டுப் படம் வரைவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிறுகூட உருப்படியாக வெளியே போனதில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்து திரும்பியதெல்லாம் உண்டு. போன வருஷம் நாத்தனார் கல்யாணத்தில், சாப்பிட உட்கார்ந்த மனுஷன் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்.

அன்றைக்குத்தான் அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் புருஷனைத் திட்டி என்ன பிரயோஜனம்? குழாயை அல்லவா ஒரு கை பார்க்க வேண்டும்.

உட்கார்ந்து புதிதாக வரைந்தாள். பொடி பறப்பதால்தானே இந்தக் கூத்து? பறக்க வேண்டாம், நகரட்டும். மூடிய கலன் ஒன்றில் பொடியை நிரப்பி, கம்ப்ரசர் காற்றை விட்டுப் பின்னாலிருந்து கட்டிகட்டியாக மெல்லத் தள்ளினால் போதும். பெண்டுகளையும் தூக்கிக் கடாசினாள். திரும்பும் இடத்தில் குழாயை நேரே கொஞ்சம் நீட்டி, முனையை அடைத்து, பக்கவாட்டில் வழி விட்டாள். அந்த முட்டுச்சந்தில் பொடி போய்த் தேங்கிக்கொள்ளும். பின்னால் வருகிற பொடி அதன்மேல்தான் மோதும். அடியும் பொடிக்கே, வலியும் பொடிக்கே.

மேலாளர் படத்தை மேலும் கீழும் பார்த்தார். "மெதுவா போனா அடைச்சுக்குமேம்மா?"

"அடைக்காது சார். கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"சரி, போட்டுப் பாரு. அடைச்சுதுன்னா அன்னிக்கே பழைய விசிறியை மாட்டிருவேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அடைத்தால் ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று அர்த்தம்.

சோதனை நாளில் கிடங்கருகே ஒரே கூட்டம். பொடி போய்ச் சேர வேண்டிய அச்சுக்கூடத்தின் ஆபரேட்டர்கூட, தன் இடத்தை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். குழாயம்மா வால்வைத் திறந்தாள்.

சத்தமே இல்லை.

அந்த ஆலையில் காதை வைத்துத்தான் பிழைப்பே நடந்தது. இரைச்சல் இருந்தால் பொடி ஓடுகிறது, நின்றால் அடைப்பு. அதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, தானாக ஊறிப்போனது.

"அடைச்சிருச்சு சார்," என்றார் ஆபரேட்டர். மேலாளர் உச்சுக்கொட்டினார். வெல்டர், அடைத்த குழாயைத் தட்டிவிடும் சுத்தியலை எடுத்தார்.

குழாயம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வரைந்தவளே அடைத்துவிட்டது என்று நம்பியதுதான் கொடுமை. வேகத்தையும் அழுத்தத்தையும் அப்படிக் கணக்குப் போட்டவளுக்கு, மெதுவாகப் போனால் சத்தம் வராது என்பது மட்டும் தோன்றவே இல்லை. அவள் காதும் அதே ஆலையில் பழகிய காதுதானே.

"நிறுத்திரும்மா," என்றார் மேலாளர், இரக்கமாகத்தான்.

வால்வை மூடக் கை நீட்டியவள் அழுத்தமானியைப் பார்த்தாள். அடைத்திருந்தால் முள் ஏறிக்கொண்டே போக வேண்டும். இதுவோ ஏறுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது.

"ஏங்க, தட்டாதீங்க," என்றாள். "கையை வச்சுப் பாருங்க."

வெல்டர் உள்ளங்கையைக் குழாய்மேல் வைத்தார். உள்ளே ஏதோ கனமாக, பதமாக நகர்ந்து போனது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு இன்னொன்று நகர்ந்தது. அவர் முகம் மலர்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே.

"போகுதும்மா," என்றார். "நல்லாவே போகுது."

ஆபரேட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சுக்கூடத்துக்கு விழுந்தடித்து ஓடினார். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். அங்கே தொட்டி கழுத்துவரை நிரம்பி, மூடி இடுக்கு வழியாகப் பொடி வழிந்து, ஆபரேட்டரின் நாற்காலி பாதி புதைந்து கிடந்தது.

"நிறுத்துங்க, ரொம்பி வழியுது," என்று அவர் கையை ஆட்டினார். குழாயம்மா திரும்ப ஓடி வால்வை மூடினாள். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த விசிறியை எடைக்குப் போட்டுருங்கப்பா. என் காதையும் சேர்த்துப் போட்டுருங்க."

வெல்டருக்கு மனசு நிறைந்துவிட்டது. பெண்டாட்டியிடம் ரகசியமாக ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் காதருகே குனிந்தார். ஆனால் பாவம், அந்த ஆலைக்குள் கத்தாமல் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை. ரகசியம் கூரை அதிர வெளியே வந்தது.

"ஞாயித்துக்கிழமை எங்க போலாம், என் தங்கமே?"

ஆலையே திரும்பிப் பார்த்தது. வெல்டர் அசடு வழிந்தார். குழாயம்மாவுக்குக் காதுமடல்வரை சிவந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் மண்ணைப் பிளந்து உள்ளே போயிருப்பாள். அன்றைக்கு அவள் நிமிர்ந்து நின்று, அதே குரலில், கடைசி ஆள்வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எங்க வேணா போலாங்க. இருட்டுற வரைக்கும் வீட்டுக்கே வர வேணாம்."