கட்டிலுக்குத் துண்டு போட்டவன்

உடம்பில் ஒரு நோயும் இல்லாத டெய்லர், நோயாளிகளின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடி, அரசு ஆஸ்பத்திரியின் பதினேழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தான். சட்டையின் ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் கிடந்தது. எந்தப் புண்ணியவான் தைத்தானோ! வேறு நேரமாக இருந்தால் அதைத் தைத்தவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பான். இப்போது இருந்த பயத்தில் சட்டைக்குக் கை இருக்கிறதா என்றுகூட அவன் பார்க்கவில்லை.

கட்டில் அவனுடைய மாமாவுக்கு உரியது. மாமா என்றால் அக்காவின் கணவர். சொந்தமாக ஒரு சின்னச் சரக்கு வண்டி வைத்து ஓட்டுகிறவர். அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. நாளைக் காலை ஆபரேஷன். இந்தத் தேதியை வாங்குவதற்குள் மாமா, அக்கா, இவன் என்று மூன்று பேரும் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்திருந்தார்கள். எல்லாம் கூடி வருகிற நேரம் பார்த்து ஆஸ்பத்திரியின் ஸ்கேன் மிஷின் படுத்துவிட்டது. காலையில் வந்த சர்ஜன், "வெளியே எடுத்துட்டு வந்துடுங்க. படம் பார்க்காம நான் கத்தி வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வெளியே என்றால் அதிக தூரமில்லை. ரோட்டைத் தாண்டினால் தனியார் ஆஸ்பத்திரி. கீழிருந்து மேல்வரை கண்ணாடி. அங்கே போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்தான். ஆனால் கட்டில்? முந்தின நாள் டீ குடிக்கப் போன ஒருவர் திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் வேறு ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததை இவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். கட்டில் போனால் பெயரையும் அடித்துவிடுவார்கள், ஆபரேஷனும் போய்விடும் என்று வாசலில் நின்ற வாட்ச்மேன் வேறு பயமுறுத்தியிருந்தார்.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "நீ படுத்துக்கோடா. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிறதில்லையா? அந்த மாதிரி."

"நான் என்ன துண்டாக்கா?"

"வாயை மூடிட்டுப் படு. யாராவது வந்தா முனகு."

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் கடையில் மலைபோலக் குவிந்து கிடக்க, டெய்லர் இங்கே துண்டாகக் கிடந்தான்.

கட்டிலுக்குக் கீழே, பாய் போட்டு ஒரு பெயிண்டர் படுத்திருந்தார். அவருக்குக் கட்டில் கிடைக்கவில்லை. அவருடைய குளுக்கோஸ் பாட்டில் டெய்லரின் கட்டில் கம்பியில்தான் தொங்கியது. பக்கத்தில் அவர் மனைவி கால்மடித்து உட்கார்ந்து, ஒரு அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மாமா எழுந்து போனதையும் இவன் ஏறிப் படுத்ததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட டெய்லருக்கு இவ்வளவு கூசியிருக்காது. காய்ச்சலில் அந்த மனுஷன் தரையில் நடுங்குகிறார், கல் மாதிரி இருக்கிற இவன் மெத்தையில் கிடக்கிறான். போர்வைக்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

செல்போன் அதிர்ந்தது. அக்கா.

"ஸ்கேன் முடிஞ்சுடுச்சுடா. ஆனா..." அவள் குரலே சரியில்லை. "இங்க ஒரு டாக்டர் படத்தைப் பார்த்தாரு. மாமாவைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகாதீங்கங்கறாரு. கட்டி பக்கத்துல ரத்தக்குழாய் இருக்காம். எப்ப வேணா உடையலாமாம். இப்பவே அட்மிட் பண்ணுங்கறாரு."

"நாளைக்குக் காலையில இங்க ஆபரேஷன் இருக்கேக்கா!"

"சொன்னேன். 'அதுவரைக்கும் தாங்குமான்னு நான் எப்படி சொல்றது, நீங்கதான் முடிவு பண்ணணும்'னு சிரிச்ச முகமா சொல்றாருடா. பயமுறுத்துறாரா, நெசமாத்தான் சொல்றாரா, ஒண்ணும் புரியலை. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"எவ்வளவு ஆகுமாம்?"

அவள் சொன்ன தொகையைக் கேட்டு டெய்லர் போர்வைக்குள்ளேயே எழுந்து உட்காரப் பார்த்தான். வண்டியை விற்றாலும் முழுசாகக் கட்ட முடியாது. வண்டியை விற்றுவிட்டால் குணமான பிறகு மாமா எதை ஓட்டுவார்?

"முன்பணம் மட்டும் இப்ப கட்டினாப் போதுமாம். பக்கத்துக் கடைக்காரர் வண்டிக்கு விலை கேட்டுட்டுத்தானே இருந்தாரு, அவருக்கு ஃபோன் போடட்டுமா? இங்க ஏசி என்ன, தண்ணி பாட்டில் என்ன, 'வாங்க மேடம்'னு கூப்பிடுறது என்ன! அங்க இலவசம்னு போர்டு மாட்டியிருக்கான், ஸ்ட்ரெச்சர் தள்ளுறதுலேருந்து நம்ம பர்ஸ்தான் காலியாகுது. நீ ஒரு வார்த்தை சொல்லுடா."

"கொஞ்சம் இருக்கா, யோசிச்சுச் சொல்றேன்" என்றான். என்னத்தை யோசிப்பது? பிழைப்பாரா மாட்டாரா என்று அளந்து சொல்ல அவன் கையில் டேப்பா இருக்கிறது?

அந்தக் குழப்பத்தில் அவன் கிடந்தபோது தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது. "பதினேழாம் நம்பர்தானே?"

மதிய ஷிஃப்டுக்கு வந்த நர்ஸ். காலையில் இருந்தவர் இல்லை. மாமாவின் முகம் இவருக்குத் தெரியாது.

"ம்..." என்று முனகினான். அக்கா சொல்லிக்கொடுத்த முனகல்.

"கையை நீட்டுங்க."

நீட்டினான். ரப்பர் பட்டையைக் கட்டினார். ஊசி ஏறியது. அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். கட்டில் முக்கியம், வாயைத் திறக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சின்ன டியூபில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, அதில் சீட்டை ஒட்டி, தட்டில் போட்டுக்கொண்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கட்டிலில் இருந்தவர்கள், தரையில் இருந்தவர்கள் என்று வார்டு முழுக்க அவர் ஒருவர்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

அப்பாடா, தப்பித்தோம் என்று டெய்லர் மூச்சு விட்டான்.

"அண்ணே." பெயிண்டரின் மனைவி முதல்முறையாகப் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். "அது உங்க மாமாவுக்கு எடுக்க வேண்டிய ரத்தம் இல்லையா?"

"ஏதோ டெஸ்ட்டும்மா. எடுத்துட்டுப் போகட்டும்."

"டெஸ்ட் இல்லண்ணே. நாளைக்கு ஆபரேஷன்ல ரத்தம் ஏத்தணும்ல, அதுக்கு குரூப் பார்க்க எடுக்கிறாங்க. எங்க வீட்டுக்காரருக்கு எடுக்கிறப்ப காலையில இருந்த நர்ஸம்மாதான் சொன்னாங்க. மாத்தி ஏத்திட்டா உயிருக்கே ஆபத்தாம்."

டெய்லர் கையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்தான். அவன் ரத்தம் என்ன வகை, மாமாவின் ரத்தம் என்ன வகை, இரண்டும் அவனுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இவன் ரத்தத்தில் மாமாவின் பெயரை ஒட்டி அனுப்பியாகிவிட்டது. நாளைக்கு மயக்கத்தில் கிடக்கும் மாமாவின் உடம்பில் ஏதோ ஒரு ரத்தத்தை ஏற்றுவார்கள்.

சொன்னால் கட்டில் போய்விடும். கட்டிலோடு ஆபரேஷனும் போய்விடும். எதிர் ஆஸ்பத்திரியில் அக்கா பேனாவும் கையுமாக நிற்பாள், வண்டியும் போய்விடும். சொல்லாவிட்டால்? சேச்சே! அந்த நினைப்பு ஒரு நொடி வந்து எட்டிப்பார்த்ததற்கே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. போர்வையை உதறிவிட்டுக் கட்டிலிலிருந்து குதித்தான்.

"சிஸ்டர்! அந்த ரத்தம் என்னோடது! நான் பேஷன்ட் இல்ல!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸின் தட்டில் டியூப் இல்லை.

"என்னது?" நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "இப்பத்தான்யா வார்டு பாய் எடுத்துட்டுப் போனாரு, ரத்த வங்கிக்கு!"

டெய்லர் ஓடினான். வெறுங்காலோடு, தோள் இறங்கிய பச்சைச் சட்டையோடு, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவினான். எதிரே வந்தவர்கள் யாரோ தப்பித்து ஓடும் நோயாளி என்று நினைத்து, "பிடிங்க, பிடிங்க!" என்று கத்தினார்கள். கீழே ரத்த வங்கியின் ஜன்னல் முன்னால் ஒரு வரிசை நின்றிருந்தது. வார்டு பாய், பேர்தான் பாய், ஆளுக்குத் தலையெல்லாம் நரை, தன் தட்டை ஜன்னலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். டெய்லர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. "பதினேழு... பதினேழு..." என்று மட்டும் சொல்ல முடிந்தது. பின்னாலேயே ஓடி வந்த நர்ஸ், தட்டிலிருந்து அந்த டியூபை எடுத்து, சீட்டைப் பார்த்து, அங்கேயே குப்பைப் பெட்டியில் போட்டார். டெய்லருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"உன் மாமாவை நீயே கொன்னிருப்பே, தெரியுமா? ஊசியைக் குத்தறேன், கம்முனு படுத்திருக்கியே, உனக்கெல்லாம் நாக்கு எதுக்கு?" நர்ஸ் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "பேரைக் கேட்டுட்டு எடுத்திருக்கணும், அது என் தப்புதான். ஆனா நீ எதுக்குய்யா அங்க படுத்தே?"

"கட்டில் போயிட்டா ஆபரேஷன் போயிடும்னு..."

"யார் சொன்னா?"

"வாட்ச்மேன்."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "அவரா ஆபரேஷன் பண்றாரு? கட்டில் வேற, தியேட்டர் லிஸ்ட் வேற. ஸ்கேனுக்குப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா கட்டிலைக்கூட நான் வெச்சிருப்பேன். இப்ப அந்தக் காய்ச்சல்காரருக்குத்தான் கட்டில். உங்க ஆளுக்கு ராத்திரி பாய்தான். ஆனா லிஸ்ட்ல பேரு அப்படியே இருக்கு. காலையில முதல் ஆள் அவருதான். ஒழுங்கா கூட்டிட்டு வா."

இதைக் கேட்பதற்கா இத்தனை பாடு! டெய்லர் துள்ளிக்கொண்டு மேலே வந்தான். முன்னாலேயே வந்துவிட்ட நர்ஸ், பெயிண்டரைக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார். அவர் மனைவி செல்போனை நீட்டினாள். "உங்க அக்கா கூப்பிட்டாங்கண்ணே. இப்பத்தான் எங்களுக்குக் கட்டில் கொடுத்தாங்கன்னு சொன்னேன். 'அப்போ அவ்வளவுதானா'ன்னு அழுதுட்டு வெச்சுட்டாங்க."

டெய்லர் மறுபடியும் ஓடினான். ரோட்டில் ஹாரன்களுக்கு நடுவே புகுந்து, வழுக்கும் தரையில் வெறுங்காலின் அழுக்கைப் பதித்துக்கொண்டு கண்ணாடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். உள்ளே குளிர்ந்தது. சோபாவில் மாமா சாய்ந்திருந்தார். வெள்ளை உடையில் ஒரு பெண் அவர் முன் குனிந்து, "உங்க பேரை முழுசா சொல்லுங்க சார்" என்று கேட்டு, அவர் சொன்ன பிறகு மணிக்கட்டில் பட்டையைக் கட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, இங்கே பேரைக் கேட்கிறார்கள். கவுன்ட்டரில் அக்கா நின்றாள். கையில் பேனா இருந்தது.

"அக்கா, கையெழுத்துப் போடாதே! லிஸ்ட்ல பேரு இருக்கு. நாளைக்கு ஆபரேஷன் இருக்கு. கட்டில் மட்டும்தான் போச்சு."

அவள் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் வண்டி தப்பும். ஆனால் இன்னொரு முறை வாயை மூடிக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. ரத்தத்தைப் பற்றியும் சொன்னான். ஒன்றையும் விடாமல் சொன்னான்.

மலர்ந்த முகம் அப்படியே கறுத்துப்போனது. "அட பாவி! அந்த இடத்துக்கா இவரைக் கூப்பிடுறே? யாரு என்னன்னு கேக்காம ஊசி போடுற இடத்துக்கா?" கவுன்ட்டர் பக்கம் திரும்பிவிட்டாள். "வண்டி போனாப் போகட்டும். எனக்கு இவரு வேணும்."

"இந்தாம்மா, கொஞ்சம் இரு." சோபாவிலிருந்து மாமா பேசினார். எவ்வளவு சரக்கு ஏற்றினாலும் முகம் சுளிக்காத மனுஷன். இப்போது உதடு உலர்ந்திருந்தது. "மாப்ளே, சொன்னா கட்டில் போயிடும்னு தெரிஞ்சுதானே சொன்னே?"

"ஆமா மாமா."

"ஆபரேஷனே போயிடும்னு நெனச்சுட்டுத்தானே சொன்னே?"

டெய்லர் தலையை மட்டும் ஆட்டினான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ராத்திரியே உடைஞ்சுடுமோன்னு இருக்கு. ஆனா இங்க இவங்க பேரைக் கேக்குறாங்க, அதுக்கு அப்புறம் வண்டியிலேருந்து நம்மகிட்ட இருக்குற எல்லாத்தையும் கேக்குறாங்க. அங்க நான் பேசாம கிடந்தா, எனக்காக வாயைத் திறக்க நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க." மாமா மணிக்கட்டுப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. "உன்கிட்ட கத்திரி இருக்கா மாப்ளே?"

கவுன்ட்டரில் வாங்கித்தான் வெட்டினான். ஆயிரம் துணி வெட்டிய கைக்கு, அந்தத் துண்டுப் பட்டையை வெட்ட மூன்று தடவை ஆனது. அக்கா ஸ்கேன் படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ரோட்டைக் கடக்கும்போது மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நின்றார். அக்காவும் டெய்லரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். வாயுதான் என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தார். அது வாயுதானா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

வார்டில் பெயிண்டரின் மனைவி தங்கள் பாயைத் தட்டி விரித்து வைத்திருந்தாள். மாமா அவருடைய கட்டிலுக்குக் கீழேயே படுத்தார். ட்யூட்டி டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காலையில முதல் கேஸ். வலி வந்தா உடனே கூப்பிடுங்க" என்றார். அக்கா பாயை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நர்ஸ் தட்டோடு வந்து பாயருகே மண்டியிட்டார். ரப்பர் பட்டையைக் கட்டினார். ஊசியை எடுத்தவர் நிறுத்தினார். யாரும் நினைவுபடுத்தவில்லை. "பேரு?" என்று அவரே கேட்டார்.

மாமாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

அக்கா மாமாவை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். ரொம்பக் கோபம் வந்தால் 'இந்தாங்க'. அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை டெய்லர் இந்நாள்வரை கேட்டதே இல்லை. அவள் குனிந்து, நர்ஸின் முகத்தை நேராகப் பார்த்து, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்து, எழுத்து எழுத்தாக, வார்டு முழுக்கக் கேட்கும்படி அதைச் சொன்னாள்.

"இன்னொரு தடவை சொல்றேன், கேட்டுக்கோங்க" என்று மறுபடியும் சொன்னாள்.