கைதட்டக் கூடாத சந்து

எங்கள் சந்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள். தட்டினால் மேல்மாடியிலிருந்து காலி பாட்டில் வந்து விழும். கோபகபானா கடற்கரைப் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு அடியில் பாட்டுக் கிளப் வைத்தால் வேறென்ன விழும், ரோஜாப்பூவா? அதனால் பாட்டுப் பிடித்திருந்தால் விரலைச் சொடுக்குவார்கள். ஞாயிறு மதியமென்றால் அதையும் அடக்கித்தான் செய்வார்கள். மேலே இருப்பவர்கள் கறுப்பு பீன்ஸும் சோறும் தின்றுவிட்டுப் படுத்திருக்கும் நேரம் அது.

நான் அங்கே பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தேன். பொறுமை என்பதே கிடையாது எனக்கு. ஆனால் அங்கே பாடிய ஜுசாராவுக்கு முன்னால் நான் சாது. கிட்டாரை மடியில் வைத்தாலொழிய அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அவள் கட்டிய, போசா நோவா என்கிற மென்குரல் பாட்டுகளை வாங்கி ரேடியோக்காரிகள் தொண்டை கிழியப் பாடிப் பேர் தட்டிக்கொண்டு போனார்கள். தன் பாட்டைத் தன் குரலில், காதோடு பேசுகிற மாதிரி, ஒரே ஒரு இசைத்தட்டிலாவது பதிந்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் பாட்டைக் கேட்க ஒத்தாசிலியோ வந்தார். சாவோ பாவ்லோவில் இசைத்தட்டுக் கம்பெனி வைத்திருப்பவர். காலையிலிருந்தே ஜுசாரா காபியாகக் குடித்தாள், கிட்டார் தந்தியை மாற்றினாள், மாற்றியதைக் கழற்றித் திரும்ப மாற்றினாள், கடற்கரைவரை போய்விட்டு வந்தாள்.

“உட்காருடி, எனக்குத் தலை சுத்துது” என்றேன்.

“உனக்கென்ன, நீ நின்னுக்கிட்டேதானே வாசிக்கிற” என்றாள்.

வெக்கைக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். ஜுசாரா புதுப் பாட்டைப் பாடினாள். மழைக்கு முன்னால் டிராமுக்காகக் காத்து நிற்கும் ஒருத்தியைப் பற்றியது. கூட்டம் இருமக்கூட இல்லை. முடிந்ததும் மேசைக்கு மேசை சொடக்குச் சத்தம் கிளம்பியது. எங்கள் சந்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை. அந்த வெளியூர் மனுஷருக்கு அது எங்கே புரிந்தது? ஒருத்தர்கூடக் கைதட்டவில்லையே, பாவம் பெண் என்று என் பக்கம் குனிந்து சொன்னார். நான் விளக்குவதற்குள் அது ஜுசாராவின் காதில் விழுந்துவிட்டது.

சொடக்கின் மதிப்பு அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பதறிவிட்டாள். கிட்டாரைக் கீழே வைத்தாள், எழுந்து நின்றாள், கைகளை விரித்துக்கொண்டு அதே பாட்டை ரேடியோக்காரி மாதிரி உச்சக் குரலில் பாடித் தீர்த்தாள். ஒத்தாசிலியோ முகமெல்லாம் பல்லாகப் படபடவென்று கைதட்டினார்.

பாட்டில் வந்தது. வாசற்படியில் விழுந்து சிதறியது. பின்னாலேயே தோனா யூலினாவின் குரலும் வந்தது. மேல்மாடித் தையற்காரி. எங்கள் சந்தில் அதிகம் பாட்டில் எறிந்த கை அவளுடையதுதான்.

“யாருடி அது கத்துறது? அந்தப் பொண்ணு எங்க போனா? அவ பாடுவான்னுதான் ஜன்னலத் திறந்து வச்சுட்டுப் படுத்திருக்கேன். அவளப் பாடச் சொல்லு.”

ஜுசாரா மூச்சு வாங்க அப்படியே நின்றாள். ஒத்தாசிலியோ மேலே கேட்ட குரலைச் சட்டை செய்யவில்லை. இரண்டாவதாகப் பாடினாயே, அந்தக் குரல்தான் வேண்டும், நாளைக்கே ரயிலேறி வா, தட்டு போட்டுவிடலாம் என்றார்.

“அது என் குரல் இல்லைங்க” என்றாள்.

“சரி, பாட்டையாவது குடும்மா. வேற யாரையாவது வச்சுப் பாடிக்கிறேன்.”

“பாட்டும் இல்லைங்க.”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கண்ணாடித் துண்டுகளைத் தாண்டிப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்து முட்டாளே என்று எனக்குக் கத்தத் தோன்றியது. அவள் குரலில் தட்டு வர அதன்பின் எத்தனையோ வருஷம் ஆனது, அதுவும் ஒரு சின்னக் கம்பெனியில்.

அவள் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தாள். பழையபடி மெதுவாகப் பாடினாள்.

முடிந்ததும் உள்ளே சொடக்குகள் எழுந்து அடங்கின. மேலே தோனா யூலினாவின் ஜன்னலிலிருந்து மட்டும் இன்னொன்று விடாமல் கேட்டது, தாளம் தப்பித் தப்பி. ஜுசாரா தலையை நிமிர்த்தி, அசையாமல், அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். தாளம் தப்பினால் நான் யாரையும் விடுகிறவன் இல்லை. அன்று விட்டுவிட்டேன்.