கையைப் பிடிப்பது யார்

தீமாவின் பிஞ்சுக் கையில் நரம்பு அகப்படாமல் நர்ஸ் மூன்று இடத்தில் குத்தினாள். ஒன்பது மாதக் குழந்தை வீறிட்டு அலறியது. அந்தக் கையை அழுத்திப் பிடித்திருந்தவள் பெற்றவள் ஷதா. அப்பன் கஸ்ஸான், ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்று போன மாதம்போலவே வெளியே போய் நின்றுகொண்டான்.

ரத்தம் போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது.

"பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையாம்மா?" என்றார் டாக்டரம்மா. "அடுத்த மாசமும் இப்படின்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும்."

அப்போதுதான் உள்ளே வந்தான் கஸ்ஸான். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "நானும் தலபாடா அடிச்சுக்கிறேன் டாக்டர். இவளுக்கு ஸ்கூல்தான் பெருசு."

ஷதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியுமுன் எழுந்து பருப்பை வேகவைத்து, கோழி ஈரலை மசித்து, எலுமிச்சை பிழிந்து ஒரு கிண்ணம் ஊட்டிவிட்டுத்தான் அவள் பாடம் நடத்த ஓடுகிறாள். அவ்வளவும் எங்கே போய்த் தொலைகிறது?

மறுவாரம் பஸ்ராவில் வெயில் கொளுத்தியது. மின்சாரமும் போய், முதல் பாடவேளை முடிவதற்குள் பள்ளியை விட்டுவிட்டார்கள். ஷதா வீட்டுக்குள் நுழைந்தாள்.

துறைமுகத்தில் மாலை ஷிப்டுக்குப் போகும் கஸ்ஸான், மடியில் தீமாவோடு தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஈரலும் பருப்பும் ஊட்டிய கிண்ணம் இன்னும் கழுவாமல் கிடந்தது. அவன் முன்னால் சின்னக் கண்ணாடிக் குவளையில் கன்னங்கரேலென்று தேநீர். பிஸ்கட்டைத் தோய்த்துத் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான்.

"தினமுமா?"

"நீ கிளம்பினதும் கேக்குறா. ஒரு வாய் டீதானே! இந்த ஊர்ல டீ குடிக்காம எந்தப் பிள்ள வளந்துச்சு?"

"சாப்பிட்ட இரும்புச் சத்தை டீ உடம்புல ஏறவிடாதுன்னு முதல் தடவையே டாக்டரம்மா சொன்னாங்களே! அப்ப நீ எங்க இருந்த?"

"வெளிய நின்னேன்…"

"வந்து நானும் சொன்னேனே!"

"பெரியவங்க குடிக்கிற அளவுக்குச் சொன்னாங்கன்னு நெனச்சேன்."

குவளையைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். "என்னைச் சோறு போடாதவள்னு பேர் வாங்க வெச்சியே! அடுத்த தடவை வெளிய நிக்கப்போறது நான்."

அடுத்த மாதம் சொன்னபடியே வெளியே நின்றாள். ஊசி அறைக்குள் தீமா வீறிட்டாள். சற்று நின்று மறுபடி வீறிட்டாள். "போதும் சிஸ்டர், வேண்டாம்" என்று கஸ்ஸான் கெஞ்சுவது கேட்டது. ஷதா கதவுப் பிடியைத் தொட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.

"இறுக்கிப் புடி" என்றாள் வெளியிலிருந்தே. "கை ஆடினா திரும்பக் குத்துவாங்க."